நூறு, இருவழி

எல்னா நெஸ்லுண்ட் முப்பத்தொரு வருஷம் மாடுகளுக்குச் சினை ஊசி போட்டவள். யெம்ட்லாண்ட் மாகாணத்தின் இந்த வடக்கு மூலையில் அவள் கை படாமல் உருவான கன்றுகள் குறைவு. தோள்வரை நீளும் உறையை மாட்டிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விரலால் தடவிப் பார்த்து, "இங்கதான் இருக்கு" என்று சொல்லுகிற வேலை. அந்த வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதே எங்கள் பிரென்னா ஊரின் நாற்பத்து மூன்று வீட்டுக் கம்ப்யூட்டர்களும் அவள் பொறுப்புக்கு வந்துவிட்டன. இரண்டும் ஒன்றுதான் என்பாள்.

"உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாது. பொறுமையா தடவணும். உதை விழாத பக்கமா நிக்கணும். அவ்வளவுதான்ப்பா."

நான் ஹல்வார். தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஊர் ஃபைபர் சங்கத்துக்குச் செயலாளர். கூட்டக் குறிப்பு எழுதுவதில் எனக்கு நிகர் யாருமில்லை என்று நானே சொல்லிக்கொள்வேன். வேறு யாரும் சொல்வதில்லை. எல்னாவும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அறுபத்து நாலு வயதிலும் என் தலையைத் தட்டிவிட்டுப் பேசுகிற உரிமையை அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

ஃபைபர் எங்கள் ஊருக்குத் தானாக வரவில்லை. நாற்பத்து மூன்று வீட்டுக்காகப் பத்தொன்பது கிலோமீட்டர் பள்ளம் தோண்ட எந்தக் கம்பெனிக்கும் மனமில்லை. நாங்களே தோண்டினோம். இரண்டு கோடை, சொந்த டிராக்டர், சொந்த முதுகுவலி. 2009 இலையுதிர்காலத்தில் வீட்டுக்கு வீடு ஒரு சின்னப் பெட்டி வைத்தோம். ஃபைபரில் வரும் வெளிச்சத்தைச் சாதாரண கேபிளுக்கு மாற்றித் தரும் பெட்டி. அங்கே ஆரம்பித்தது வினை. சில வீடுகளில் ஓடியது, சில வீடுகளில் நொண்டியது, பாதிரியார் வீட்டில் அசையவே இல்லை.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் நெட்வொர்க் கார்டும் எதிரில் இருக்கும் பெட்டியும் கேபிளை மாட்டியதும் தங்களுக்குள் பேசி இரண்டு விஷயம் முடிவு செய்யவேண்டும். எவ்வளவு வேகம் என்பது ஒன்று. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசலாமா, அல்லது ஒருவர் முடித்தபின் மற்றவரா என்பது இன்னொன்று. நாங்கள் சிக்கனமாக வாங்கிய பெட்டிகளுக்கு இந்தப் பேச்சுவார்த்தையே தெரியாது. எல்னா ஊரிலிருந்த பதினேழு வகை கார்டுகளைத் தன் சமையலறை மேசையில் பரப்பிக்கொண்டு மூன்று வாரம் உட்கார்ந்தாள். கடைசியில் வழி கண்டாள்: கார்டை எதுவும் கேட்கவிடாதே. வேகம் நூறு, பேச்சு இருவழி என்று நாமே கையால் கட்டளை போட்டுவிடு. பதினேழும் ஓடின.

ஆண்டுக் கூட்டத்தில் அதைத் தீர்மானமாக வைத்தாள். ஆறாவது அம்சம், ஒருமனதாக நிறைவேறியது. நான்தான் எழுதினேன்: "நூறு, இருவழி. கையால் அமைக்கவும். மாற்றக்கூடாது." பிளாஸ்டிக் உறை போட்டு ஒவ்வொரு வீட்டிலும் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினோம். எங்கள் ஊரில் டாக்டர் சொன்னதைக்கூட மீறுவார்கள். கூட்டம் முடிவு செய்ததை மீறமாட்டார்கள். ஏரிக்கரைப் படகுத்துறைக்கு என்ன நிறம் என்று மூன்று வருஷம் கூட்டம் போட்டு, முடிவான நிறம் யாருக்கும் பிடிக்காமல், இன்றுவரை அதையே பூசிக்கொண்டிருக்கிறோம்.

இந்த வருஷம் மார்ச் கடைசியில் பழைய பெட்டிகளை எடுத்துவிட்டுப் புதுப் பெட்டிகள் வைத்தார்கள். வெளியூர் ஆட்கள் இரண்டே நாளில் மாட்டிவிட்டுப் போனார்கள். சுவரில் எங்கள் காகிதம் அப்படியே இருந்தது. பெரும்பாலான வீடுகளில் இப்போது எல்லாம் கம்பியில்லாமல் ஓடுகிறது. பெட்டியிலிருந்து நேராகக் கம்ப்யூட்டருக்குக் கேபிள் போட்டிருப்பது நாலே வீடுகளில்தான். அதில் ஒன்று எஸ்கில் வீடு.

ஊரின் கடைசிப் பண்ணை எஸ்கிலுடையது. எண்பது ஆடு. ஒண்டிக்கட்டை. பிறவியிலேயே காது கேளாதவன். அவனோடு பிறந்த இரட்டை, தோரா. அவளுக்கும் காது கேளாது. தெற்கே தொலைவில், ஊரெப்ரூ நகரத்தில் இருக்கிறாள். தினமும் மாலை நாலு மணிக்கு, ஆடுகளுக்குத் தீனி வைத்ததும், இருவரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்து கையால் பேசுவார்கள். கைபேசியில் முடியாது, மலைக்கு அடியில் இருக்கிற அந்தப் பண்ணைக்குச் சிக்னல் எட்டாது. ஃபைபர் வந்த நாளிலிருந்து இது நடக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் தபால் கொண்டுபோகும்போது எத்தனையோ முறை நாலு மணி ஆகியிருக்கிறது. ஒருமுறைகூட நின்று பார்த்ததில்லை.

போன வருஷம் தோராவுக்கு நரம்பு நோய் வந்தது. தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்துகொண்டே போகும் நோய். கால் முதலில் போனது. குளிர்காலத்தில் வலது கை தளர ஆரம்பித்தது. இடது கை அதிகபட்சம் மே மாதம்வரை என்றார் டாக்டர். மூச்சும் நினைவும் இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். ஆனால் தோராவின் பேச்சு அவள் கையில்தான் இருந்தது.

அப்போது ஏப்ரல். ஆடுகள் குட்டி போடும் மாதம். மூன்று வாரத்துக்கு எஸ்கிலால் தொழுவத்தை விட்டு நகர முடியாது. அந்த மூன்று வாரத்துக்குள் தோராவின் கை நின்றுவிட்டால், கடைசிப் பேச்சு இல்லாமலே போய்விடும். அந்த நேரம் பார்த்துத் திரையில் படம் உடைய ஆரம்பித்தது.

எஸ்கில் முதலில் தன் கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது என்று நினைத்தான். புதிது வாங்கி, சுவர்க் காகிதத்தைப் பார்த்து ஒழுங்காக அமைத்தான். அப்போதும் உடைந்தது. ஒரு காகிதத்தில் எழுதி எல்னா வீட்டுக்குக் கொண்டுவந்தான். நான் அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தேன். எல்னா உரக்கப் படித்தாள்.

"நான் மட்டும் கை அசைச்சா நல்லா தெரியுது. அவ மட்டும் அசைச்சாலும் நல்லா தெரியுது. ரெண்டு பேரும் சேர்ந்து அசைச்சா படம் கட்டம் கட்டமா உடையுது."

"அப்போ ஒருத்தர் முடிச்சப்புறம் ஒருத்தர் பேசலாமே" என்றேன்.

எல்னா என்னை முறைத்தாள். "இது என்ன உன் கூட்டமா, கை தூக்கி அனுமதி கேட்டுப் பேச? எழுந்திருய்யா, வண்டில ஏறு."

நான் ஏறித்தான் ஆகவேண்டும். சங்கத்தின் பெட்டியைத் தொட நிர்வாகக் குழுவிலிருந்து இரண்டு பேர் வேண்டும் என்பது விதி. அந்த விதியையும் நான்தான் எழுதினேன்.

வாசலில் காலணியைக் கழற்றினோம். என் காலுறையில் ஓட்டை. எல்னா அதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். அலுமினியப் பெட்டியைத் திறந்தாள். ஒரு காலத்தில் மாட்டு ஊசிகளை வைத்திருந்த பெட்டி. இப்போது உள்ளே பதினொரு நெட்வொர்க் கார்டுகள். முதலில் சோதித்தாள். சின்னச் சின்னச் செய்திகள் போய்த் திரும்பின. ஒரு படம் ஓட்டினாள், கொஞ்சம் திக்கினாலும் ஓடியது.

"லைன் சரியாத்தான் இருக்கு. இந்தக் கார்டுக்கும் புதுப் பெட்டிக்கும் ஒத்துக்கல. வேற மாட்டுவோம்."

மாட்டினாள். சுவர்க் காகிதத்தைப் பார்த்து நூறு, இருவழி என்று அமைத்தாள். நாலு மணிக்கு மேசை விளக்கு மின்னியது. அதுதான் எஸ்கிலுக்கு அழைப்பு மணி. தோரா திரையில் வந்தாள். எஸ்கில் கை உயர்த்தினான், அவளும் உயர்த்தினாள், படம் கட்டங்களாகச் சிதறியது. கட்டங்களுக்கு நடுவில் தோராவின் கை பாதி வார்த்தையில் நின்றது.

மறுநாள் மூன்றாவது கார்டு. நூறு, இருவழி. உடைந்தது. அதற்கு மறுநாள் எல்னா தன் சொந்த மடிக்கணினியைக் கொண்டுவந்து அதே கேபிளில் செருகினாள். அதுவும் காகிதப்படி அமைத்ததுதான். அதுவும் உடைந்தது. நாலாவது நாள் வேறொரு கார்டு, ஐந்தாவது நாள் இன்னொன்று, அதுவும் அப்படியே. அன்று இருவரும் எழுத்தால் பேசிப் பார்த்தார்கள். தோராவுக்கு ஒரு வரி தட்ட ஐந்து நிமிடம் ஆனது. எஸ்கில் விசைப்பலகையைத் தள்ளிவிட்டு எங்களைப் பார்த்துக் கையால் ஏதோ சொன்னான். எனக்குப் புரியவில்லை. எல்னாதான் அரைகுறையாகப் புரிந்துகொண்டு சொன்னாள்.

"அவளோட வலது கை இன்னைக்கு மேல வரவே இல்லையாம்."

திரும்பும்போது எல்னாதான் வண்டி ஓட்டினாள். என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் ஸ்டியரிங்கைக் குத்தினாள். "சனியன் பிடிச்ச கார்டு! முப்பது வருஷத்துல ஒரு மாடுகூட என்னை இப்படிப் படுத்தினதில்ல." அழுகை முட்டிக்கொண்டிருந்தது. நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். "இறங்குடா" என்றாள்.

மறுநாள் காலையில் அவள் நூற்றுப் பத்து கிலோமீட்டர் ஓட்டி எஸ்தர்சுண்டுக்குப் போய், புதுப் பெட்டியைச் செய்த கம்பெனியின் கார்டையே வாங்கிவந்தாள். இதுவும் ஒத்துப்போகாவிட்டால் அடுத்து என்ன என்று அவளுக்கே தெரியவில்லை. நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கார்டை மாட்டித் திருகாணியை இறுக்கினாள். அமைப்பதற்குக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி வண்டியில் இருந்தது.

"எதையும் தொடாத. நீயும்தான், எஸ்கில்" என்று இருவருக்கும் விரல் நீட்டிவிட்டு வெளியே போனாள்.

அவள் போய்க் கொஞ்ச நேரத்தில் விளக்கு மின்னியது. நாலு மணிக்கு முன்பே அழைத்துவிட்டாள் தோரா. எஸ்கில் காத்திருப்பானா? அழுத்திவிட்டான்.

தோரா வந்தாள். முடி குட்டையாக வெட்டியிருந்தது, மடியில் நீலப் போர்வை. எஸ்கில் கை உயர்த்தினான். அவள் இடது கையை உயர்த்தினாள். நான் படம் உடையக் காத்திருந்தேன்.

உடையவில்லை.

இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நாற்பது வருஷம் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். ஒருவர் பேசும்போது இன்னொருவர் பேசினால் அது எங்களுக்குச் சண்டை. தலைவர் மேசையைத் தட்டுவார். இங்கே இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் பதில் சொன்னாள், அந்தப் பதில் முடியுமுன் அவன் திருத்தினான், அவள் சிரித்தாள், சிரிப்பின் நடுவிலேயே வேறொன்று கேட்டாள். ஒருவரும் நிற்கவில்லை, ஒருவர் பேச்சை ஒருவர் தவறவிடவுமில்லை. எஸ்கிலை நான் அமைதியான மனிதன் என்று நினைத்திருந்தேன். அடக் கடவுளே, இந்த மனிதன் வாயாடி! புருவம், தோள், கன்னம் எல்லாம் பேசின. அவளுக்கு ஒரே கைதான், அதிலும் இரண்டு விரல் ஒத்துழைக்கவில்லை. ஆனாலும் அவன் வேகத்துக்கு அவள் குறையவில்லை. இத்தனை வருஷம் இந்த வாசலில் தபாலைப் போட்டுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறேன்.

எல்னா கண்ணாடியோடு உள்ளே வந்தாள். "ஏய், நான் இன்னும் அமைக்கவே இல்லையே! யாரு தொட்டது?"

"யாரும் தொடல. அது பாட்டுக்கு ஓடுது."

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். சுவரையே வெகுநேரம் பார்த்தாள்.

"ஹல்வார்" என்றாள், மெதுவாக. "புதுப் பெட்டிக்குத் தானா பேசத் தெரியும். கார்டு வாயத் திறக்காம நின்னா, சரி, இது அந்தக் காலத்து ஆள், ஒருத்தர் பேசினா ஒருத்தர் கேக்கற ஆள்னு அது முடிவு பண்ணிக்கும். கார்டு இந்தப் பக்கம் இருவழி. பெட்டி அந்தப் பக்கம் ஒருவழி. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசினா முட்டிக்கும்." மூக்கை உறிஞ்சினாள். "இந்தக் கார்டை நான் இன்னும் அமைக்கல, அதான் ரெண்டும் பேசி ஒத்துப்போச்சு. எந்தக் கார்டும் தப்பு பண்ணல. ஒவ்வொண்ணோட வாயையும் நான்தான் மூடினேன். அஞ்சு நாள்."

காகிதத்தைச் சுவரிலிருந்து பிய்த்தாள். "அது கூட்டத்தோட முடிவு, எல்னா..." என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. அவள் அதை என் கையில் திணித்தாள்.

அவள் பெற்ற பிள்ளை அந்த விதி. அதன்மேல் சந்தேகம் வரவில்லை என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. எனக்கு ஆச்சரியம் அடுத்து அவள் செய்தது. அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. புதுக் கார்டு வேலை செய்தது, எல்னா ஜெயித்தாள் என்று ஊர் பேசியிருக்கும். நானும் அப்படியே எழுதியிருப்பேன். அவள் எஸ்கிலின் தோளைத் தொட்டுத் திருப்பினாள்.

எல்னாவுக்குத் தெரிந்த கைமொழி எல்லாம் எஸ்கில் மாடு வைத்திருந்த காலத்தில் தொழுவத்தில் கற்றது. மாடு, காளை, நாளைக்கு, சினை பிடிச்சது, சினை பிடிக்கல, காபி, இப்படி ஒரு முப்பது வார்த்தை. இருந்ததை வைத்துச் சொன்னாள்.

"அஞ்சு நாள். சினை பிடிக்கல. தப்பு என்னோடது."

சுவரில் காகிதம் இருந்த இடத்தைக் காட்டினாள். எஸ்கிலுக்குப் புரிந்துவிட்டது. முகம் இறுகியது. நான் நினைத்தேன், பரவாயில்லை என்று தலையாட்டுவான் என்று. அவன் ஆட்டவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துத் திரைக்கு முன்னால் போட்டு அவளை உட்காரவைத்தான். கையால் சொன்னது எனக்கே புரிந்தது.

"அவகிட்டச் சொல்லு."

எல்னா மறுபடி சொன்னாள். தோரா உற்றுப் பார்த்தாள். எஸ்கிலிடம் ஏதோ கேட்டாள். பிறகு தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள், போர்வை நழுவும்வரை. எஸ்கில் எனக்காக ஒரு தாளில் எழுதிக் காட்டினான்: "யாருக்குச் சினை பிடிக்கலன்னு கேக்கறா. இவ கை பேசறது மாடு பனியில நடக்கற மாதிரி இருக்காம்."

எல்னாவும் அழுதுகொண்டே சிரித்தாள். ஆனால் தோரா சிரிப்பை நிறுத்தினாள். இப்போது மெதுவாகப் பேசினாள், எல்னாவுக்குப் புரியவேண்டும் என்று. புரியாததை எஸ்கில் எழுதினான். அந்தத் தாள் இப்போதும் எல்னாவிடம் இருக்கிறது.

"எனக்குக் கோபம்தான். அந்த அஞ்சு நாள் திரும்பி வராது. வலது கையும் வராது." கொஞ்சம் நிறுத்தி ஓய்வெடுத்தாள். "நாளைக்கு நாலு மணிக்கு வா."

"எதுக்கு?"

"நான் போனப்புறம் இவன் அந்த ஊர்ல யார்கூடப் பேசுவான்? ஆட்டுக்கூடயா? என் கை இருக்கிற வரைக்கும் உன் கையைத் திருத்தறேன்."

எல்னா தினமும் போனாள். குட்டி போடும் நேரம் என்பதால் சில நாள் கையில் ரத்தத்தோடு எஸ்கிலும் அவளும் தொழுவத்திலிருந்து நேராக ஓடிவருவார்கள். தோரா பொல்லாத வாத்தியார். கட்டைவிரல் ஒரு அங்குலம் தாழ்ந்திருந்தாலும் மறுபடி செய்யச் சொல்வாள். "இப்போ நீ இவனைப் பன்றிக்குட்டின்னு சொன்ன" என்று ஒருநாள் சொன்னாளாம். முதல் வாரம் மூன்று விரலால் திருத்தினாள். அடுத்த வாரம் இரண்டால். அப்புறம் சுட்டுவிரல் மட்டும், இடம், வலம், மேலே என்று. எல்னா வீட்டில் பாத்திரம் கழுவும்போதும், கடை வரிசையில் நிற்கும்போதும் விரல்களை அசைத்துக்கொண்டிருந்தாள். ஊரில் சிலர் அவளுக்கு வயதாகிவிட்டது என்றார்கள்.

இதற்கிடையில் அவசரக் கூட்டம் போட்டு ஆறாவது அம்சத்தை ரத்து செய்தோம். காரணம் என்ன எழுதுவது என்று கேட்டேன். "புதுப் பெட்டிக்கு இந்த விதி சரிவருமான்னு எல்னா நெஸ்லுண்ட் சோதிச்சுப் பாக்கல, அதனால எஸ்கிலுக்கும் தோராவுக்கும் அஞ்சு நாள் போச்சு. அப்படியே எழுது, ஒரு வார்த்தை மாத்தாத" என்றாள். எழுதினேன். என் குறிப்பேட்டில் இத்தனை நேரான வாக்கியம் வேறு இல்லை.

பாடம் தொடங்கிய பதினெட்டாம் நாள் நானும் போயிருந்தேன். நாலு மணிக்கு விளக்கு மின்னியது. தோரா வந்தாள். எஸ்கில் வணக்கம் சொன்னான். அவளுடைய கை போர்வைமேல் கிடந்தது. சுட்டுவிரல் ஒருமுறை துடித்தது, அவ்வளவுதான். அவள் கண் மட்டும் எங்களைப் பார்த்தது. எஸ்கிலின் கைகள் காற்றில் பாதியில் நின்றுவிட்டன. குட்டி போடுவது ஓய்ந்துவரவே, மறுநாள் ரயிலில் அவளைப் பார்க்க அவன் புறப்படுவதாக இருந்தது. ஆடுகளை எல்னாவும் நானும் பார்த்துக்கொள்வதாகப் பேச்சு. ஒரு நாள். ஒரே ஒரு நாள் பிந்திவிட்டது.

 

அப்போது எல்னா கை எடுத்தாள். எஸ்கிலைப் பார்த்து ஏதோ கேட்டாள். கேட்டது என்ன என்று பிறகு சொன்னாள்: "நேத்துப் பிறந்த மூணாவது குட்டி பால் குடிச்சுதா?" எஸ்கில் அவளைப் புரியாமல் பார்த்தான். பிறகு பதில் சொல்ல ஆரம்பித்தான். அவன் முடிக்குமுன் அவள் குறுக்கே புகுந்தாள். அவன் மறுத்தான், நிறுத்தாமலே. அவளும் நிறுத்தவில்லை. புட்டிப்பாலா தாய்ப்பாலா என்று நாலு கையும் ஒரே நேரத்தில் சண்டை போட்டன. எஸ்கிலின் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அதைத் துடைக்க அவனுக்குக் கை ஒழியவில்லை.

திரையில் தோரா இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.